பால்மரத்துத் தேமலைப் படிப்பது எப்படி? தோட்டப்புறத்தில் லைக்கன் அடையாளம் காண முழுமையான வழிகாட்டி

பால்மரத்து, அதாவது ரப்பர் மரத்துப் பட்டையில் வெள்ளையும் சாம்பலும் வெளிர்ப்பச்சையுமாகத் திட்டுத் திட்டாகப் படர்ந்திருக்குமே, அதை என் அம்மா ‘மரத்தேமல்’ என்பார். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருபது வருடத்துக்கும் மேல் பால் வெட்டியவர் அவர். பள்ளி விடுமுறையில் பால் பிடிக்கும் மங்கு துடைத்துக் கொடுக்க நானும் கூடவே போவேன். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு தேமல் இருக்கும். ஒன்று நாட்டு வரைபடம் மாதிரி, இன்னொன்று யாரோ கரிக்கட்டையால் கிறுக்கிய மாதிரி. இது என்னம்மா என்று கேட்டால், “மரத்துக்கு வயசாகுது, அதான்” என்பார். அந்தத் தேமல் ஓர் உயிர் என்றும், இரண்டு உயிர்கள் சேர்ந்து நடத்தும் குடித்தனம் என்றும் எனக்குத் தெரியவந்தபோது முப்பது வயது தாண்டிவிட்டது.

அந்தக் குடித்தனத்தின் பெயர் லைக்கன். பூஞ்சை ஒன்று உடலைக் கட்டுகிறது. அதற்குள் இருக்கும் பச்சைப்பாசியோ நீலப்பச்சைப் பாசியோ வெயிலை வைத்து இருவருக்கும் உணவு தயாரிக்கிறது. 1860களில் சுவிட்சர்லாந்துக்காரர் சைமன் ஷ்வெண்டனர் இதைச் சொன்னபோது, அன்றைய லைக்கன் அறிஞர்கள் பலர் ஏற்க மறுத்தார்கள். தாங்கள் தனித் தாவரம் என்று நம்பியதை இரண்டாகப் பிரித்துவிட்டாரே என்ற கோபம்.

மரத்துக்கும் லைக்கனுக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. பட்டை அதற்கு உட்கார ஒரு திண்ணை, அவ்வளவுதான். வேர் கிடையாது. தண்ணீரும் சத்தும் மழையிலிருந்தும் காற்றிலிருந்தும் தூசியிலிருந்தும் வருகின்றன.

இதை முதலிலேயே அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளியில் துப்புரவுப் பணி நாளன்று, மாமரத்தின் அடியைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துச் சுண்ணாம்பு அடித்தார்கள். மரத்துக்கு நோய் வந்துவிட்டது என்று நினைத்துச் செய்த வேலை. இரண்டு கை அகலத்தில் ஒரு திட்டு இருந்தது. வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே நகரும் பொருக்கு வகை. பத்து நிமிடத்தில் அது இல்லாமல் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன சொல்லித் தடுப்பது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அன்று சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அஞ்சறைப் பெட்டியில் தொடங்குங்கள்

முதல் லைக்கனைத் தேடித் தோட்டத்துக்குப் போக வேண்டியதில்லை. பிரியாணிக்கும் செட்டிநாட்டுக் குழம்புக்கும் போடுகிறோமே கல்பாசி, அதுவே லைக்கன்தான். பெரும்பாலும் பார்மோட்ரீமா என்ற பேரினம். மலைப்பகுதி மரங்களிலிருந்தும் பாறைகளிலிருந்தும் எடுத்துக் காயவைத்து விற்கிறார்கள்.

ஒரு துண்டை வெள்ளைத் தட்டில் வைத்துப் பாருங்கள். மேல்புறம் சாம்பல். திருப்பினால் அடிப்புறம் கறுப்பு, ஓரத்தில் மட்டும் பழுப்பு. அடியில் குட்டிக் குட்டியாக முடி போல நீட்டிக்கொண்டிருப்பவை பட்டையைப் பிடித்துக்கொள்ளும் பற்றிழைகள். அடுத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு நிமிடம் பொறுங்கள். நொறுங்கிக்கொண்டிருந்த துண்டு தோல் மாதிரி வளையும். ரொம்பப் பழைய சரக்காக இல்லாவிட்டால் சாம்பலுக்குள்ளிருந்து பச்சை எட்டிப் பார்க்கும்.

அப்புறம் அதைக் கிழித்து, கிழிந்த ஓரத்தை லென்ஸில் பாருங்கள். மேலே மெல்லிய தோல். அதை ஒட்டி நூல் கனத்தில் ஒரு பச்சைக் கோடு. அதன் கீழே பஞ்சு போல வெள்ளை. கடைசியில் கறுப்புத் தோல். அந்தப் பச்சைக் கோட்டில்தான் பாசி இருக்கிறது, மற்றதெல்லாம் பூஞ்சை. இந்த நான்கு அடுக்கையும் சமையலறை வெளிச்சத்தில் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால், மரத்தில் பார்க்கும்போது கை தானாக வேலை செய்யும்.

என்னென்ன வேண்டும்

10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று. இதைவிட முக்கியமான கருவி வேறில்லை. லென்ஸைப் பிடிப்பதில் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். துப்பறிவாளர் மாதிரி லென்ஸை மரத்தருகே நீட்டிப் பிடித்துத் தூரத்திலிருந்து பார்க்கக் கூடாது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, முகத்தை மெதுவாக மரத்தின் பக்கம் கொண்டுபோக வேண்டும். இரண்டரை சென்டிமீட்டர் தூரம் வந்ததும் எல்லாம் துல்லியமாகத் தெரியும். மூக்கு மரத்தில் இடிக்கிற மாதிரி இருந்தால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

தண்ணீர் தெளிக்கும் சின்ன போத்தல், பென்சில், நோட்டு, கைப்பேசி, அளவுக்கு ஒரு 20 சென் நாணயம் ஆகியவையும் வேண்டும். நாணயத்தின் குறுக்களவு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர், அதனால் படத்தில் அதுவே அளவுகோல். பேனா வேண்டாம், மழையில் மை கரைந்துவிடும். முடிந்தால் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் வேலையைப் பின்னால் சொல்கிறேன்.

தோட்டம் தனியார் நிலம், அதனால் ஆபீசில் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு இறங்குங்கள். அன்றைக்கு எந்தப் பக்கம் புல்லுக்கு மருந்து அடிக்கிறார்கள் என்பதையும் அப்படியே கேட்டுக்கொள்ளலாம். முழங்கால் வரை பூட்ஸ், முழுக்கை சட்டை, கொசு மருந்து. செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டில் வெட்டிப்போட்ட மட்டைக் குவியலில் கால் வைக்கவே வைக்காதீர்கள். எலி இருக்கும் இடத்தில் நாகம் இருக்கும். நெருங்கிப் பார்க்கும் வேலையில் மனம் முழுக்க மரத்தில் இருக்கும், கால் எங்கே போகிறதென்று தெரியாது. அதனால் இருவராகப் போவது நல்லது.

எந்த நேரம், எந்த மரம்

காலை 8 மணியிலிருந்து 10 மணி வரை. அந்நேரம் பக்கவாட்டு வெளிச்சம் விழும், மேடு பள்ளம் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகத் தெரியும். பால்மரம் இலை உதிர்க்கும் வருடத் தொடக்க மாதங்களில் போனால் நிரை முழுக்க வெளிச்சம்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி. வழவழப்பான பட்டை பொருக்கு லைக்கனுக்குப் பிடிக்கும். அந்த வகையில் பால்மரத்துக்கு நிகரில்லை. அதிலும் ஒரு விசேஷம் உண்டு. வெட்டு ஓடிய பக்கத்தில் இருப்பது புதுப்பட்டை. பழைய பட்டையை உளி சீவி எடுத்துவிட்டதால், அங்கே இருக்கும் லைக்கன் எல்லாம் வெட்டு முடிந்த பிறகு வந்து குடியேறியவை. மரத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனால், அங்கே இன்னும் வெட்டு ஓடாமல் இருந்தால், உளி படாத பட்டை, பழைய குடிகள். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த வருடம் அந்தப் பக்கம் வெட்டினார்கள் என்று பழைய வெட்டுக்காரர் யாராவது சொன்னால், புதுப்பட்டையில் இருக்கும் திட்டின் வயது அதற்கு மேல் போகாது என்று கணக்குப் போட்டுவிடலாம். வேறு மரங்களில் இப்படியொரு நாட்குறிப்பு கிடைப்பது அரிது.

இளம் செம்பனையில் மட்டை அடிகளும் பெரணியும் மூடிக்கொண்டிருக்கும், லைக்கன் தேட ஏற்ற மரமல்ல. தென்னை, மா, ரோட்டோரத் தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகள், கோவில் மதில், ஆள் காலி செய்த லயத்துப் படிக்கட்டு, மயானத்துக் கல்லறை எல்லாம் நல்ல இடங்கள். ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளில் இருப்பவை வேறு கூட்டம், அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இங்கிருந்து அரைமணி நேரத்தில் கோலகங்சார். 1877இல் அங்கே நட்ட 9 ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் நிற்கிறது. அமேசான் காட்டு மரம், விதையாகக் கடல் கடந்து லண்டன் போய், அங்கே முளைத்துக் கன்றாக இந்தப் பக்கம் வந்தது. ஆனால் அந்த இனத்து மரங்களின் பட்டையில் இன்று படர்ந்திருப்பவை இந்த மண்ணின் காற்றில் வந்து ஒட்டியவை. மரம் வெளியூர், மேலே இருப்பவர்கள் உள்ளூர்.

படி 1: இது லைக்கன்தானா?

பெயர் தேடுவதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். நான் கேட்காமல் விட்டேன். பால்மரத்தின் ஈரமான பக்கத்திலும் லயத்துச் சுவரிலும் செங்கல் தூள் பூசிய மாதிரி ஆரஞ்சு நிறத்தில் படர்ந்திருக்கும் ஒன்றை ‘ஆரஞ்சு லைக்கன்’ என்று ஐந்து மாதம் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் லென்ஸை வைத்துப் பார்த்தபோது தோல் இல்லை, அடுக்கு இல்லை, வெறும் கம்பளி நூல். அது ட்ரென்டெபோலியா என்ற பாசி. இனத்தால் பச்சைப்பாசி, ஆனால் உள்ளே இருக்கும் கரோட்டின் பச்சையை மறைத்து ஆரஞ்சாகக் காட்டுகிறது. ஐந்து மாதப் பதிவையும் அடித்துத் திருத்தினேன். ஆனாலும் அது வீண் போகவில்லை. தாழ்நில வெப்பமண்டலத்துப் பொருக்கு லைக்கன் பலவற்றுக்குள் குடியிருப்பது இதே ட்ரென்டெபோலியாதான். தனியாகவும் வாழும், பூஞ்சையோடும் வாழும்.

சோதனை எளிது. முதலில் காய்ந்த நிலையில் நிறத்தை எழுதுங்கள். பிறகு தண்ணீர் தெளியுங்கள். சாம்பல் திட்டு சில நொடிகளில் பச்சையாக மாறினால் லைக்கனாக இருக்க வாய்ப்பு அதிகம். தோல் ஈரத்தில் கண்ணாடி போலாகி உள்ளிருக்கும் பாசியைக் காட்டுகிறது. அடுத்து, ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் மட்டும் நகத்தால் கீறுங்கள். அதற்கு மேல் வேண்டாம். உள்ளே பச்சையோ மஞ்சள் கலந்த பச்சையோ தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது.

ஏமாற்றும் மற்ற பொருட்களையும் சொல்லிவிடுகிறேன். லென்ஸில் குட்டி இலையும் தண்டும் தெரிந்தால் அது ‘மாஸ்’ எனும் குட்டித் தாவரம், லைக்கன் அல்ல. கொய்யா, டுரியான் இலைகளில் துருப்பிடித்த வெல்வெட் பொட்டு மாதிரி இருப்பது செஃபலூரோஸ் என்ற பாசி. அதே பாசியைப் பூஞ்சை பிடித்து லைக்கனாக்கினால் வெளிர்ப்பச்சை வட்டமாக மாறும், அப்போது பெயர் ஸ்ட்ரிகுலா. ஒரே மரத்தில் இரண்டையும் பார்க்கக் கிடைத்தால் அது பெரிய அதிர்ஷ்டம்.

இன்னொன்று முக்கியம். இளம் பால்மரத்தில் கிளை பிரியும் கவட்டையில் சிலந்தி வலை போலத் தொடங்கி, ரோஜா நிறப் பொருக்காகி, அங்கிருந்து பால் வடிந்து கோடு கோடாக இறங்கினால், அது லைக்கன் அல்ல. அது இளஞ்சிவப்பு நோய், பூஞ்சை நோய். அதைப் பார்த்தால் உடனே தோட்டத்தில் சொல்லுங்கள். மரத்தைக் கொல்வது எது, மரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் ஒரு தோட்டத்துக்கு ஒருவர் இருந்தாலே எத்தனையோ மரங்கள் பிழைக்கும், எத்தனையோ லைக்கன்களும் பிழைக்கும்.

படி 2: உடல் வாகு

பொருக்கு, இலை, புதர், தூள் என்று நான்கு வாகு போதும்.

நம் ஊரில் பத்துக்கு ஒன்பது பொருக்கு வகைதான் கண்ணில் படும். பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கும், நகத்தால் தூக்க முடியாது. இலை வகைக்கு மடல் இருக்கும், ஓரம் லேசாக எழும்பும், மேல் அடி என்று இரண்டு முகம் உண்டு. கல்பாசி இதில் சேர்ந்தது. தூள் வகைக்குத் தோலே கிடையாது, கோலமாவு கொட்டிய மாதிரி இருக்கும். மழை நேராகப் படாத பக்கத்தில் பளீரென்ற மஞ்சள் தூளைப் பார்த்தால் கிரிசோத்ரிக்ஸ் என்று எழுதிக்கொள்ளலாம்.

புதர் வகையைப் பார்க்க மலையேற வேண்டும். சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குப் போனால், மூடுபனி தங்கும் உயரத்தில் கிளைகளில் தாடி போலத் தொங்குவது உஸ்னியா. கீழே விழுந்து கிடக்கும் இழை ஒன்றை ஈரமாக்கி, இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக இழுங்கள். வெளித்தோல் பட்டென்று விட்டுப்போகும், உள்ளே வெள்ளை நூல் ஒன்று ரப்பர் மாதிரி நீளும். அந்த நடுநூல் இருந்தால் உஸ்னியா, சந்தேகமே வேண்டாம். மரத்தில் தொங்குவதைப் பிடுங்காதீர்கள், தரையில் கிடப்பதே போதும்.

நிழலும் ஈரமும் உள்ள ஓடைக்கரையில் இன்னும் இரண்டு வாகு கிடைக்கும். பச்சை நூலால் நெய்த அரைவட்டத் தட்டு போல மரத்திலிருந்து நீட்டிக்கொண்டிருப்பது கோயனோகோனியம். காய்ந்தால் நீலச்சாம்பல் காகிதம், நனைந்தால் ஜெல்லி போல உப்புவது லெப்டோஜியம். இதற்குள் இருப்பது நீலப்பச்சைப் பாசி, அதனால்தான் அந்த நிறம்.

படி 3: எழுத்தா, கிண்ணமா, பருவா?

பொருக்கு வகையில் எல்லாமே சாம்பல் திட்டுதானே, எப்படிப் பிரிப்பது என்ற கேள்வி வரும். நிறத்தை விடுங்கள். பூஞ்சை வித்து உண்டாக்கும் உறுப்பைத் தேடுங்கள். அதற்கு மூன்று வடிவம்.

முதலாவது எழுத்து. அம்மா ‘கரியால் கிறுக்கிய மாதிரி’ என்று காட்டியது இதைத்தான். வெளிர்ச்சாம்பல் திட்டின் மேல் கறுப்புக் கீறல்கள், சில நேராக, சில வளைந்து, சில கிளை விட்டு. லென்ஸ் வைத்தால் ஒவ்வொரு கீறலும் பட்டையைவிட்டு எழும்பி நிற்பது தெரியும். கரிய உதடுகள் இரண்டு, நடுவே ஒரு பிளவு, அடுப்பில் வாய் திறக்கத் தொடங்கிய புளியங்கொட்டை போல. உதடு மூடியிருக்கிறதா, திறந்து உள்ளே பழுப்பு அல்லது வெள்ளைத் தரை தெரிகிறதா என்று பாருங்கள். உதட்டின் நீளவாக்கில் கோடு கோடாகப் பள்ளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கரிய, மூடிய உதடு என்றால் கிராஃபிஸ் பேரினம் என்று நினைக்கலாம். அகலத் திறந்த பழுப்புத் தரை என்றால் ஃபியோகிராஃபிஸ் பக்கம் சந்தேகம் போக வேண்டும். உறுதி செய்ய வித்துகளை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். வெளியிடத்தில் ‘எழுத்து லைக்கன் குடும்பம், உதடு கறுப்பு, மூடியது’ என்று எழுதினாலே அது நல்ல பதிவு.

இரண்டாவது கிண்ணம். குட்டித் தட்டுகள். தட்டின் விளிம்பு உடலின் நிறத்திலேயே இருக்கிறதா, தட்டின் நிறத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி. உடல் நிறத்தில் விளிம்பு கட்டியிருந்தால் லெக்கனோராவும் அதைப் போன்றவையும் நினைவுக்கு வர வேண்டும்.

மூன்றாவது பரு. வியர்க்குரு மாதிரி மேடு, உச்சியில் ஊசி குத்திய துளை. பைரெனுலாவும் அதன் சொந்தக்காரர்களும் இப்படி. துளையைக் கண்டுபிடிக்கப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

எதுவுமே இல்லாத திட்டுகளும் உண்டு. வெளிர்ப்பச்சைக் கம்பளி மாதிரி, ஓரத்தில் வெள்ளைப் பஞ்சு வளையம் கட்டி நிற்பது பெரும்பாலும் கிரிப்டோதீசியா வகை.

ஓரங்களையும் கவனியுங்கள். இரண்டு திட்டு சந்திக்கும் இடத்தில் பேனாவால் இழுத்த மாதிரி கறுப்பு எல்லைக்கோடு இருக்கும். ஒரே திட்டு என்று நினைத்தது ஐந்து திட்டாக இருக்கும். ஒரு பால்மரத்தில் முழங்காலிலிருந்து தோள் உயரம் வரை எல்லைக்கோடுகளை எண்ணத் தொடங்கினால் காலைப்பொழுது போய்விடும்.

படி 4: டார்ச்சும் சொட்டு மருந்தும்

தூசி பறக்கும் பட்டணத்து ரோட்டோர மரங்களிலும் தாக்குப்பிடிக்கும் இலை வகை இரண்டு உண்டு, டிரினாரியா பிக்டாவும் பிக்சின் கோகோயஸும். இரண்டுமே சாம்பல், இரண்டுமே மரத்தோடு இறுக்கமாக ஒட்டியவை, இரண்டிலும் மேலே மாவுப் பொட்டுகள். கண்ணால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். இங்கேதான் புற ஊதா டார்ச். கையால் நிழல் கட்டிக்கொண்டு அடியுங்கள். பிக்சின் கோகோயஸ் மஞ்சளாக ஒளிரும், தோலில் இருக்கும் லைக்கெசாந்தோன் என்ற பொருள் செய்யும் வேலை அது. டிரினாரியா பிக்டா ஒளிராது. ஓரத்தில் ஒரு மடலைத் தூக்கிப் பார்த்தால் பிக்சினுக்குப் பற்றிழை உண்டு, டிரினாரியாவுக்கு இல்லை. முதல் தடவை மாலை மங்கலில் ஒரே கிளையில் ஒன்று எரிந்து ஒன்று அணைந்து கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. டார்ச் ஒளியை யார் கண்ணிலும் அடிக்காதீர்கள்.

சொட்டுச் சோதனையை 1866இல் வில்லியம் நைலாண்டர் கொண்டுவந்தார். பாரிசின் லக்சம்பர்க் தோட்டத்து லைக்கன்களை வைத்துக் காற்றின் தூய்மையைப் பற்றி எழுதியவரும் அவரே. 10 விழுக்காட்டுப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒன்று, துணிக்குப் போடும் வெளுப்பான் இன்னொன்று. பல்குத்தும் குச்சி நுனியால் தொட்டு வைத்து, ஒரு நிமிடத்துக்குள் நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது. டிரினாரியாவின் மேல்தோல் முதல் மருந்துக்கு மஞ்சளாகும். பார்மோட்ரீமா டிங்டோரம் என்ற பெரிய இலை வகையின் உள்வெள்ளையில் வெளுப்பான் பட்டால் உடனே சிவக்கும். இவை கண்ணையும் தோலையும் அரிக்கும் பொருட்கள், அதனால் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. வெளுப்பானை எந்த அமிலத்தோடும் சேர்க்கக் கூடாது. என்னைக் கேட்டால் முதல் வருடம் முழுக்க லென்ஸும் தண்ணீரும் டார்ச்சும் மட்டும் போதும். சொட்டு மருந்தைச் சீக்கிரம் பிடித்தவர்கள் கண்ணால் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

படி 5: பதிவு

ஒவ்வொரு திட்டுக்கும் நான்கு படம். முழு மரம், நாணயத்தோடு திட்டு, லென்ஸை கைப்பேசியின் கேமராவோடு ஒட்டிவைத்து எடுத்த நெருக்கப் படம், தண்ணீர் தெளித்த பிறகு இன்னொரு நெருக்கப் படம். நோட்டில் தேதி, இடம், மரத்தின் பெயர், தரையிலிருந்து உயரம், எந்தத் திசையைப் பார்த்த பக்கம், வெயிலா நிழலா, வாகு, வித்துறுப்பு, ஓரம், ஊதா ஒளியில் நிறம். பெயருக்கு ஒரு கோடு காலியாக விடுங்கள். கடைசியில் நிரப்பலாம், நிரப்பாமலும் இருக்கலாம்.

ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் மற்றவர்கள் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். பறவைக்கும் பட்டாம்பூச்சிக்கும் செயலி தானாகச் சொல்லும் பெயர் பல நேரம் சரியாக வரும். பொருக்கு லைக்கனுக்கு அதை நம்பாதீர்கள். வித்தைப் பார்க்காமல் நிபுணரே சொல்லத் தயங்கும் இடத்தில், படத்தைப் பார்த்து இயந்திரம் சொல்லும் இனப்பெயரை ஏற்றுக்கொள்ளக் கூடாது. குடும்பம், பேரினம் வரை வந்து நிற்பது குறையல்ல, அதுதான் நேர்மை.

மாதிரி எடுத்தே ஆக வேண்டுமென்றால் விழுந்த கிளையிலிருந்து எடுங்கள். காகித உறைக்குள் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். வனக்காப்புப் பகுதியில் அனுமதியில்லாமல் எதையும் எடுக்கக் கூடாது.

இங்கிலாந்துக்கென 1970இல் வகுத்த லைக்கன்-காற்று மாசு அளவுகோல் ஒன்று இருக்கிறது. அதை அப்படியே கொண்டுவந்து ‘நம்ம ரோட்டில் காற்று இத்தனை’ என்று சொல்லாதீர்கள். அங்கே இருக்கும் இனம் வேறு, மழை வேறு. உங்கள் ரோட்டோர மரத்தையும் உள்தோட்டத்து மரத்தையும், ஒரே இனம் ஒரே பருமனில் பத்துப் பத்து எடுத்து ஒப்பிடுங்கள். அது நம் ஊர் அளவுகோல்.

அதே மரத்தில் வேறு யார்?

லென்ஸோடு மரத்தருகே நின்றால் லைக்கன் மட்டும் கண்ணில் படாது. ஒருமுறை நான் எல்லைக்கோடு எண்ணிக்கொண்டிருந்த திட்டு ஒன்று நகர்ந்தது. பறக்கும் ஓணான். மரப்பட்டையும் லைக்கனும் கலந்த அதே நிறம். தொண்டையிலிருந்து மஞ்சள் கொடி ஒன்றை விசிறி போல விரித்து மடக்கியதும் ஆண் என்று தெரிந்தது. லைக்கன் துணுக்குகளை ஒட்டித் தனக்குப் பை கட்டிக்கொண்டு தொங்கும் பைப்புழுக்களையும் பாருங்கள். பையின் மேலிருக்கும் துணுக்கு எந்தத் திட்டிலிருந்து வந்தது என்று தேடுவது பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

பெரணிகளை இலையின் வடிவத்தை வைத்துப் பிரிக்காதீர்கள், இலையைத் திருப்பி வித்துப்பைகளைப் பாருங்கள். செம்பனை மட்டை அடியில் வளரும் நெஃப்ரோலெபிஸுக்குச் சிறுநீரக வடிவ மூடி, டவாலியாவுக்கு ஓரத்தில் குட்டிக் கோப்பை, பறவைக்கூடு போன்ற அஸ்ப்ளேனியத்துக்கு நரம்போடு நீளக்கோடு. காசு காசாகத் தடித்த இலையோடு கிளையில் ஊர்வது மலாய்மொழியில் சிசிக் நாகா. நீளமான இலைகளின் ஓரத்தில் மட்டும் பழுப்பு வித்துக்கோடு கட்டியிருக்கும்.

செம்பனையின் அடியில் வெள்ளை விளிம்போடு வார்னிஷ் பூசிய தட்டுக்காளான் தெரிந்தால் அது கானோடெர்மா, மரத்தின் உள்ளே அழுகல் தொடங்கிவிட்டது. செத்த பால்மரக் கட்டையில் வெள்ளை விசிறியாக முளைத்து, அடியில் செவுளின் விளிம்பு இரண்டாகப் பிளந்திருப்பது, மலாய்க் குடும்பங்கள் சமைக்கும் செண்டாவான் கூக்கூர். ஆனால் என் எழுத்தையோ செயலியையோ நம்பி எந்தக் காட்டுக்காளானையும் வாயில் வைக்காதீர்கள். எலிக்காக ஆந்தைப் பெட்டி வைத்திருக்கும் தோட்டமென்றால், பெட்டியின் கீழே கிடக்கும் சாம்பல் உருண்டையை நனைத்துப் பிரித்துப் பாருங்கள். எலி மண்டையோடு பல்லோடு முழுசாக இருக்கும்.

மறுநடவு அறிவிப்பு வந்தால்

பால்மரம் ஏறக்குறைய 25, 30 வருடத்தில் வெட்டப்படும். நிரையில் சிவப்புச் சாயம் பூசியதும் பலருக்கு மனசு கனத்துப் போகும். எனக்கும்தான். ஆனால் லைக்கன் பார்ப்பவருக்கு அந்த வாரத்தில் வேலை இருக்கிறது.

வெட்டுவதற்கு முன்பு, புதுப்பட்டைப் பக்கமும் பின்பக்கமும் பத்து மரத்தைப் படமெடுத்து முடித்துவிடுங்கள். வெட்டிய மறுநாள் அனுமதி வாங்கிக்கொண்டு, இயந்திரம் நின்ற பிறகு போங்கள். இருபது மீட்டர் உயரத்தில் இருந்த உச்சிக்கிளை அன்றைக்கு இடுப்பளவில் கிடக்கும். அடிமரத்தில் பார்த்தவை மேலே இருக்காது. வெயிலை விரும்பும் இலை வகைகள் விரல் கனக் குச்சிகளில் நெருக்கமாக உட்கார்ந்திருக்கும், முடிச்சு முடிச்சாக. அடியிலிருந்து நுனிவரை அளந்து, ஒவ்வொரு மீட்டருக்கும் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். வெட்டிய கிளை வெயிலில் காய்ந்து பட்டை உரியத் தொடங்கிவிடும், அதனால் இரண்டு மூன்று நாள்தான் அவகாசம்.

அம்மா கடைசியாக வெட்டிய நிரை விழுந்த மறுநாள் அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். லென்ஸை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக் கொடுத்தேன். கண்ணோடு ஒட்டி வைத்து, மெதுவாகக் குனிந்து, எழுத்து லைக்கன் ஒன்றை வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிராமலேயே, “இதுக்கு வாய் இருக்குடா” என்றார்.